உறைபனிக் காலத்தில் டீசல் கார்: அரைக் கோளாறுகளின் கூட்டணி

ஊட்டியில் கார் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு தனித் தலைவலி உண்டு. காலையில் ‘கர்ர்... கர்ர்...’ என்று இழுத்துக்கொண்டே கிடக்கும் வண்டியை, வெயில் ஏறியபின் எப்படியோ எடுத்து, மலையை விட்டு இறக்கி, கோவையில் நல்ல ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்துவோம். அங்கே சாவியைத் தொட்டதும் எடுத்துவிடும். அணைத்துவிட்டு மறுபடி திருப்பினாலும் எடுக்கும். மெக்கானிக் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். “ஒண்ணும் இல்ல சார், வேணும்னா பேட்டரியை மாத்திப் பாருங்க” என்பார். பில்லைக் கட்டிவிட்டு மலையேறினால் மறுநாள் காலை பழைய கர்ர்தான்.

என்னுடையது பத்து வருடம் தாண்டிய டீசல் கார். அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டது இது: குளிரில் மெதுவாக எடுக்கும் வண்டியில் பெரும்பாலும் ‘ஒரு’ கோளாறு இருக்காது. அரைகுறைக் கோளாறுகள் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். தனித்தனியாகச் சோதித்தால் ஒவ்வொன்றும் பாஸ் ஆகிவிடும். குளிர்தான் அவற்றைக் கூட்டிக் காட்டுகிறது. அதனால் ‘எந்தப் பார்ட் போச்சு’ என்று கேட்டு ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் போகும்.

முதலில் குளிரைப் பற்றி. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நவம்பர் வாக்கில் நீர்ப்பனி தொடங்கும், பிறகு உறைபனி. தலைகுந்தா, காந்தல் பக்கம் புல்வெளியெல்லாம் விடிகாலையில் வெள்ளையாகக் கிடக்கும், கார் கூரையில் பனியைச் சுரண்டலாம். வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும், சில நாட்களில் அதற்கும் கீழே போகும். கனடாவில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் ஊரில் எஞ்சினைச் சூடாக வைக்கும் ஹீட்டரை இரவில் பிளக்கில் சொருகிவிட்டுத் தூங்குகிறார்கள். நாம் ஓட்டுவது சமவெளியில் விற்கும் அதே வண்டி.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது என்பது தெரிந்ததுதான். காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தில் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். இதில் ஒரு கணக்கு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காற்றை 17 மடங்குக்குச் சுருக்கும் எஞ்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் 30 டிகிரி காற்று உள்ளே போகிறது, ஊட்டியில் விடிகாலையில் பூஜ்ய டிகிரி காற்று போகிறது. வெளியே வித்தியாசம் 30 டிகிரி. அழுத்தி முடித்த இடத்தில், சுவர் வழியாகப் போகும் சூட்டைத் தோராயமாகக் கழித்துப் பார்த்தால், அந்த வித்தியாசம் 70 டிகிரி அளவுக்குப் பெருகிவிடுகிறது. போதாததற்கு, இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அடர்த்தி குறைந்த காற்றில் டீசல் பற்றிக்கொள்ள இன்னும் கொஞ்சம் தாமதமாகும். அப்புறம் எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு நேரம் அழுத்திய காற்று குளிர்ந்த சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிஸ்டன் ரிங் வழியாகக் கசியவும் நேரம் கிடைக்கிறது. அதாவது ஸ்டார்ட் செய்ய எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மந்தமாகச் சுற்றினால், அதுவே எரிபொருள் பற்றாமல் போவதற்குக் காரணமாகிவிடும். மின்சாரக் கோளாறு, எரிபொருள் கோளாறு என்று நாம் இரண்டாகப் பிரித்துப் பேசுவது எஞ்சினுக்குத் தெரியாது.

இருந்தாலும் சோதனையை எங்காவது தொடங்க வேண்டுமே. தொடங்க வேண்டிய இடம் காது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா, இல்லை மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றுகிறதா? வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் சிலிண்டருக்குள் முன்கூட்டியே சூடேற்றும் ஹீட்டர் பிளக், டீசல் வரும் வழி, டீசலைத் தெளிக்கும் நாசில், காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் என்று பார்க்கலாம். மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார், ஆயில். அடுத்தது கண். ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சர் பக்கம் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். சுற்றச் சுற்ற வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது என்று பொருள். புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவே இல்லை. இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எனக்கு விமோசனம் கோவையில் கிடைக்கவில்லை, காந்தலில் கிடைத்தது. சின்ன ஷெட்தான், கம்ப்யூட்டர் ஸ்கேனரெல்லாம் இல்லாத இடம். அங்கிருந்த பாய் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. “தம்பி, சாயங்காலம் வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. காலைல ஆறு மணிக்கு வந்துருங்க. நான் வர்றதுக்கு முன்னாடி யாரும் சாவியத் தொடக்கூடாது” என்றார். குளிரில் வரும் கோளாறைக் குளிரில்தானே பார்க்க முடியும்! கேட்கும்போது சாதாரணமாகத் தெரிகிறது. அதுவரை நான் போன எந்த இடத்திலும் இதைச் சொன்னவர் இல்லை.

காலையில் பாய் மல்டிமீட்டரோடு வந்தார். சாவி திருப்புவதற்கு முன்பே பேட்டரியில் வைத்துப் பார்த்தார். 12.5 வோல்ட். இரவு முழுக்க ஓய்வில் கிடந்த நல்ல பேட்டரி 12.6க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி. என்னுடையது பரவாயில்லை ரகம். அப்புறம் என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். செல்ஃப் சுற்றும்போது 10.7 காட்டியது. அந்த நேரத்தில் பத்துக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம், 9.6க்குக் கீழே போனால் சந்தேகமே வேண்டாம். 10.7 என்பது அந்தக் குளிருக்கு நல்ல எண். “பேட்டரி மேல பழி போடாதீங்க” என்றார்.

பேட்டரி பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கைவைப்பது அதில்தான். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகும். பூஜ்ய டிகிரியில் அதன் இழுக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். ஆனால் பேட்டரியைக் கெடுப்பது குளிர் அல்ல, வெயில். சமவெளியின் கோடைதான் உள்ளிருக்கும் தகடுகளைத் தின்கிறது. ஜனவரியில் ஊட்டிக்கு வரும்போது அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வீட்டிலிருந்து மார்க்கெட், அங்கிருந்து சேரிங் கிராஸ், திரும்ப வீடு. ஒவ்வொரு முறை எடுக்கவும் பேட்டரி கொடுத்ததை அந்தச் சின்ன ஓட்டத்தில் டைனமோ திருப்பி நிரப்புவதற்குள் வண்டியை அணைத்துவிடுகிறோம். மூடுபனியில் விளக்கும் எரியும், கண்ணாடியைத் துடைக்க புளோயரும் ஓடும். இப்படி ஓடும் வண்டியின் பேட்டரி எப்போதும் அரை வயிற்றோடுதான் இருக்கும். புதுசு வாங்கிப் போட்டாலும் சில மாதத்தில் அதே கதிதான். அவ்வப்போது குன்னூர் வரை ஒரு நடை போய்வருவது நல்லது, இல்லையென்றால் ஒரு சார்ஜர் வாங்கி ராத்திரியில் போடலாம்.

வாங்கும்போது ‘எத்தனை ஆம்பியர்’ என்று மட்டும் கேட்காமல், குளிரில் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதற்கான சிசிஏ எண்ணையும் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 நொடி எவ்வளவு இழுக்கும் என்று சோதித்துப் போடும் எண் அது. லேபிளில் அது இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேட்கலாம். அவருக்கும் தெரியாவிட்டால் வேறு கடை.

சரி, பாய் விஷயத்துக்கு வருகிறேன். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் தடித்த வயர் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்து, மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னார். 0.3 வோல்ட். அடுத்து ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை எஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பில். சாவி. 1.4 வோல்ட்!

இந்தச் சோதனையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேபிள் நன்றாக இருந்தால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே வோல்டேஜே இருக்கக்கூடாது. கொஞ்சம் தெரிந்தால் அந்த அளவு வழியிலேயே சூடாக வீணாகிறது என்று அர்த்தம். பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட் வரை விட்டுவிடலாம், நெகட்டிவ், அதாவது எர்த் பக்கம் 0.2க்கு மேல் போகக்கூடாது. என் வண்டியில் பேட்டரி 10.7 கொடுத்தாலும் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 9 வோல்ட்தான். செல்ஃப் சுற்றாதபோது அளந்தால் இது தெரியவே தெரியாது. சில நூறு ஆம்பியர் ஓடும்போதுதான் தெரியும். அதனால்தான் கோவையில் வயரை அசைத்துப் பார்த்து, டெர்மினலில் கிரீஸ் தடவிவிட்டு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஆயில் இளகி இருக்கிறது, காற்று சூடாக இருக்கிறது, அந்த 9 வோல்ட்டே போதுமானதாக இருந்தது.

எர்த் வயர் பேட்டரி அடியிலிருந்து பாடிக்குப் போய், அங்கிருந்து பின்னல் பட்டையாக கியர்பாக்ஸுக்குப் போகிறது. கியர்பாக்ஸ் முனையைக் கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வருடம் முழுக்க ஈரமான ஊர் வேறு. உப்புத்தாளால் தேய்த்து, பட்டையை மட்டும் புதிதாகப் போட்டார். பேட்டரி விலையில் ஒரு சின்னத் துண்டுகூட ஆகவில்லை. மறுநாள் காலை செல்ஃப் சுற்றும் சத்தமே மாறியிருந்தது. ஆனால் வண்டி உடனே எடுத்துவிடவில்லை. சுறுசுறுப்பாகச் சுற்றியது, வெள்ளைப் புகை விட்டது, அப்புறம் குதிரை மாதிரி குலுங்கிக்கொண்டு எடுத்தது. மற்ற பாதி இன்னும் பாக்கி இருந்தது.

அது ஹீட்டர் பிளக். சாவியை முதல் நிலையில் வைத்ததும் டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணையுமே, அதற்குரிய சாமான். விளக்கு அணைந்தால் பிளக் சூடாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல பழைய வண்டிகளில் அந்த விளக்கு வெறும் நேரக் கணக்குதான். பிளக் செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு எரியும், அணையும். புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துச் சொல்லும். என்னுடையது சொல்லாத ரகம்.

சோதனை எளிது. பிளக்கின் தலையில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையைப் பிளக் தலையில் தொட வேண்டும். எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை. மல்டிமீட்டர் இருந்தால் பிளக் தலைக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஓம் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். மீட்டர் வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணை முதலில் கழித்துக்கொள்ள வேண்டும். வயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர், டிசி அளக்கும் ரகம், இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு பிளக்கும் எவ்வளவு இழுக்கிறது என்று வேலை செய்யும்போதே தெரிந்துவிடும். வாங்கும்போது கவனம், மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஏசி மட்டும்தான் அளக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: புதிய எஞ்சின்கள் சிலவற்றில் பிளக் 12 வோல்ட்டை விடக் குறைந்த வோல்டேஜுக்கானது. ‘சிவக்குதா பார்ப்போம்’ என்று பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் அப்போதே எரிந்துபோகும்.

என் எஞ்சினின் நான்கு பிளக்கில் ஒன்று முழுக்கச் செத்திருந்தது. இன்னொன்று உயிர் இருந்தும் வேலை செய்யாத நிலை. மீதி இரண்டு சிலிண்டர் பற்றிக்கொண்டு, அவை மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு சுற்றிய பிறகுதான் எஞ்சின் ஒழுங்குக்கு வந்தது. அந்தக் குலுக்கலும் புகையும் அதனால்தான். நேரடியாக சிலிண்டருக்குள் டீசல் பாய்ச்சும் இந்த வகை எஞ்சினுக்குச் சமவெளியில் ஹீட்டர் பிளக் தேவையே படாது என்று சொல்லலாம். நான்கும் செத்திருந்தாலும் கோவைக்காரர்களுக்குத் தெரியாது. தனி அறைக்குள் டீசலைப் பாய்ச்சிய அந்தக் காலத்து எஞ்சின்கள் அப்படியில்லை, அவற்றுக்குக் கொஞ்சம் குளிர்ந்தாலே பிளக் வேண்டும்.

பிளக்கைக் கழற்றும்போது அவசரம் கூடாது. வருடக்கணக்கில் அலுமினிய ஹெட்டில் இறுகிப்போன பிளக் பாதியில் முறிந்தால், ஹெட்டையே கழற்றும் வேலை வந்துவிடும். பாய் முந்தின நாளே அடியில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தார். மறுநாள் வண்டியை ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பின்புதான் ஸ்பேனரை வைத்தார். கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று போனது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் வியர்த்தது.

என் வண்டியில் இல்லாத, ஆனால் இந்த ஊரில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு கோளாறு ‘ஏர் எடுப்பது’. டீசல் ஃபில்டர் தலையிலோ, கையால் அழுத்தி டீசலை ஏற்றும் பிரைமரிலோ, குழாய் இணைப்பிலோ மயிரிழை அளவு சீல் போயிருந்தாலும் இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி வழிந்துவிடும், குழாயில் காற்று நிற்கும். குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்குவதால் பகலில் அடைத்துக்கொள்ளும் இடம்கூட இரவில் திறந்துகொள்ளும். எங்கள் ஊரில் சமதளத்தில் வண்டி நிறுத்த யாருக்கு இடம் இருக்கிறது? மூக்கு மேலே பார்க்க நிறுத்தினால் வழிவது இன்னும் சுலபம். கண்டுபிடிக்க ஒரு வழி: காலையில் சாவியைத் திருப்பும் முன் பிரைமரைக் கையால் நன்றாக அழுத்தி இறுக்கமாக்கிவிட்டு எடுத்துப் பாருங்கள். அன்று மட்டும் உடனே எடுத்தால் காற்றுதான் குற்றவாளி. ஒரு நாள் மூக்கு கீழே பார்க்க நிறுத்தியும் பார்க்கலாம். ஃபில்டருக்குப் பின் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு போட்டால் குமிழி ஓடுவது கண்ணிலேயே தெரியும்.

நாசில் தேய்மானமும் இதே மாதிரிதான். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில் (அதுதான் ரெயில்) டீசலை அழுத்தி வைக்கும் காமன் ரெயில் வண்டியில், ரெயிலுக்குள் 200 பார் சொச்சம் அழுத்தம் ஏறினால்தான் கம்ப்யூட்டர் டீசல் விடவே சம்மதிக்கும். நாசில் வழியாகத் திரும்பக் கசிந்துகொண்டிருந்தால், மெதுவாகச் சுற்றும் பம்ப் அந்த அழுத்தத்தை எட்ட நேரமாகும். இங்கேயும் செல்ஃப் வேகம் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

ஊட்டிக் குளிரில் டீசலே உறைந்துபோகுமா என்று பலர் கேட்கிறார்கள். டீசலில் மெழுகு இருக்கிறது, குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும் என்பது உண்மை. நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் டீசலின் தர அளவு குளிர்காலத்துக்குத் தனி, கோடைக்குத் தனி. ஊட்டியில் இரவில் சில மணி நேரம் பூஜ்யத்தைத் தொடுவதற்கு டேங்கில் இருக்கும் மொத்த டீசலும் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடாது. லடாக் கதை வேறு. அங்கே மைனஸ் 30 வரை போகும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் அங்கே மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தனி டீசலை விற்கத் தொடங்கியது, பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராவது. நீலகிரியில் அந்தக் கவலை வேண்டாம். சமவெளியில் நிரப்பிய கோடை டீசலோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஆயில் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. டப்பாவில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண்தான் குளிருக்கானது, குறைந்தால் குளிரில் இளக்கம் அதிகம். வண்டிப் புத்தகத்தில் 5டபிள்யூ-30 போட்டிருக்க, டிரம்மிலிருந்து எல்லா வண்டிக்கும் ஊற்றும் 15டபிள்யூ-40ஐ ஊற்றினால் காலையில் செல்ஃப் கொஞ்சம் திணறும். அதுவும் ஒரு அரைக் கோளாறு. ஸ்டார்ட் செய்யும்போது கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டால், கியர்பாக்ஸில் இறுகிக் கிடக்கும் ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் வேலை செல்ஃபுக்கு மிச்சமாகும். காசு செலவில்லாத வைத்தியம்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். பேட்டரியும் எர்த்தும் எல்லோருக்கும் பொது. கூடவே கூலன்ட் சென்சாரைப் பாருங்கள். அது குளிரைச் சரியாகச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் கூடுதலாக பெட்ரோல் விடும். பழைய அம்பாசிடரில் சோக்கை நாம் கையால் இழுத்துச் செய்த வேலை அது. வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் எண்களைப் படிக்கும் சின்ன ஓபிடி கருவி ஒன்றைச் சொருகி, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் போனில் பாருங்கள். கூலன்ட் வெப்பநிலையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இரவு முழுக்க ஒரே குளிரில்தானே கிடந்தன. கூலன்ட் மட்டும் 40 டிகிரி என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது.

செய்யக்கூடாதவை இரண்டு. ஈதர் கலந்த ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை ஹீட்டர் பிளக் உள்ள டீசல் எஞ்சினில் அடிக்காதீர்கள். சிவந்திருக்கும் பிளக்கில் பட்டால் காற்றுக் குழாயிலேயே வெடிக்கும், பிஸ்டனையும் உடைக்கும். இன்னொன்று, இறக்கத்தில் உருட்டிவிட்டு கியரில் போட்டு எடுப்பது. எங்கள் தெருவில் பாதிப்பேர் அதற்காகவே மேட்டில் நிறுத்துகிறார்கள். எஞ்சின் ஓடாதவரை பிரேக் பூஸ்டருக்கு உதவி கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் இறுகி நிற்கும். கீழே வளைவு, பனியில் நனைந்த தார், எதிரே மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பிய கேரட் லோடு. வேண்டாம்.

என் வண்டி இப்போது விளக்கு அணைந்ததும் ஒரு திருப்பில் எடுக்கிறது. உறைபனி கடுமையான நாட்களில் மட்டும் சாவியை அணைத்து, மறுபடி போட்டு, ஹீட்டர் இரண்டாம் முறை சூடாகும் வரை காத்திருக்கிறேன். நாசில் கசிவைச் சோதிக்க வேண்டியது பாக்கி. அதற்கான மெஷின் கோவையில்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் சோதனைக்குக் குளிர் தேவையில்லை என்று பாய் உறுதியாகச் சொல்லிவிட்டார்.